நரம்பைச் சுடும் ஊசி: நாள்பட்ட முதுகுவலிக்காரர் எதை எதிர்பார்க்கலாம்

முதுகுவலி மூன்று மாதங்களைத் தாண்டிவிட்டால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட வலி என்ற கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். மாத்திரை, பிசியோதெரபி, இடுப்புப் பட்டை, முதலில் ஓய்வு, பிறகு ஓய்வே கூடாது என்ற அறிவுரை என்று ஒவ்வொன்றாகக் கடந்து வந்தவரிடம், ஏதோ ஒரு கட்டத்தில், "பெரிய ஆபரேஷன் எதுவும் வேண்டாம், ஊசி மூலமாகவே ஒன்று செய்து பார்க்கலாம்" என்ற பேச்சு எழும். எனக்கும் எழுந்தது. அரை மணி முதல் ஒரு மணி நேர வேலை, தையல் கிடையாது, அன்றைக்கே வீடு திரும்பலாம் என்று சொன்னார்கள். அவை அத்தனையும் உண்மைதான். ஆனால் வலியோடு வாழ்கிறவர் உள்ளபடி தெரிந்துகொள்ள விரும்புவது வேறு: வலி எவ்வளவு குறையும், எப்போது குறையத் தொடங்கும், எத்தனை காலம் குறைந்திருக்கும், யாருக்கெல்லாம் குறையவே குறையாது. அந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டவன் என்ற முறையில், இக்கேள்விகளுக்கான விடைகளைத்தான் இங்கே முடிந்தவரை முழுமையாக எழுத விரும்புகிறேன்.

பெரிய கீறல் இல்லாமல் ஊசி அல்லது சிறு துளை வழியாகவே செய்யும் நுண்துளைச் சிகிச்சை என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல சிகிச்சைகள் அடங்கியிருக்கின்றன. தண்டுவட உறையைச் சுற்றியுள்ள இடைவெளியில் ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்துவது ஒன்று. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினால், அதன் துணுக்கைச் சிறு துளை வழியாக அகற்றுவது இன்னொன்று. எலும்புத் தேய்வால் நொறுங்கிய முள்ளெலும்புக்குள் சிமென்ட் செலுத்துவது, தண்டுவடத்துக்கு மின்தூண்டல் தரும் கருவியைத் தோலுக்கடியில் பொருத்துவது என்று பட்டியல் நீளும். காலுக்கு இறங்கும் வலிக்கு உதவக்கூடிய ஒன்று, இடுப்போடு நின்றுவிடும் வலிக்குச் சிறிதும் பயன்படாமல் போகலாம். ஆகவே, "ஊசி போட்டுக்கொண்டேன், எனக்குச் சரியாகிவிட்டது" என்று ஒருவர் சொல்வதை நம்பி முடிவெடுக்கும் முன், அந்த ஊசி எந்த இடத்தில், எதைக் குறிவைத்துப் போடப்பட்டது என்று கேட்பது மிகவும் அவசியம். எனக்குச் செய்யப்பட்டது, முதுகெலும்பின் பின்புறச் சிறு மூட்டுகளிலிருந்து வலியைக் கொண்டுசெல்லும் நரம்புகளை ரேடியோ அலை வெப்பத்தால் சுடும் சிகிச்சை. ரேடியோ ஃப்ரீக்வென்சி அப்லேஷன் என்ற இதை மருத்துவமனைகளில் ஆர்.எஃப்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

ஒவ்வொரு முள்ளெலும்பும் தனக்குக் கீழே இருப்பதோடு முன்புறத்தில் டிஸ்க் வழியாகவும், பின்புறத்தில் இடமும் வலமுமாக இரண்டு சிறு மூட்டுகள் வழியாகவும் இணைகிறது. ஃபேசட் மூட்டு எனப்படும் இவை குருத்தெலும்பும் மூட்டுநீரும் உறையும் கொண்ட முழுமையான மூட்டுகள். ஆகையால் முழங்கால் தேய்வதைப் போல இவையும் தேயும், வீங்கும், வலிக்கும். இவற்றிலிருந்து வலியை எடுத்துச் செல்வது மீடியல் கிளை நரம்பு எனப்படும், நூலளவே பருமனுள்ள நரம்பு. ஒவ்வொரு மூட்டுக்கும் இத்தகைய இரண்டு நரம்புகள் வந்து சேர்கின்றன. அதனால் ஒரு மூட்டின் வலியை அடக்க இரண்டு நரம்புகளையும், அடுத்தடுத்த இரண்டு மூட்டுகளின் வலியை அடக்க மூன்று நரம்புகளையும் சுட வேண்டியிருக்கும். இந்த நரம்புகள் மூட்டையும் முதுகுத் தசையின் ஒரு பகுதியையும் தாண்டி எங்கும் செல்வதில்லை. காலை அசைக்கும் வேலையும் காலின் உணர்ச்சியும் இவற்றின் பொறுப்பில் இல்லை. நரம்பைச் சுடப்போகிறார்கள் என்று கேட்டவுடன், நடக்க முடியாமல் போய்விடுமோ என்றுதான் எல்லாரும் அஞ்சுகிறோம். அந்த அச்சத்துக்கான பதில் இந்த உடலமைப்பிலேயே இருக்கிறது.

இந்தச் சிகிச்சைக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. இம்மூட்டுகளிலிருந்து கிளம்பும் வலியை அமெரிக்க மருத்துவர் கோர்ம்லி 1933-இல் பெயரிட்டு விவரித்தார். மறு ஆண்டே, 1934-இல், மிக்ஸ்டரும் பாரும் பிதுங்கிய டிஸ்க்கைப் பற்றிய தங்கள் கட்டுரையை வெளியிட்டார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் மருத்துவ உலகின் கவனம் முழுவதும் டிஸ்க்கின் பக்கமே இருந்தது. 1970-களில் நார்மன் ஷீலி என்ற அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் ரேடியோ அலை வெப்பத்தை இம்மூட்டுகளின் நரம்புகளுக்குப் பயன்படுத்தினார். ஆனால் அந்நாளில் ஊசிமுனையை வைத்த இடங்களில் அந்த நரம்பே இல்லை என்பதை ஆஸ்திரேலிய உடற்கூறியல் அறிஞர் நிக்கோலாய் போக்டக் 1970-களின் இறுதியில் எடுத்துக்காட்டினார். ஊசிமுனையின் வெப்பம் முன்னோக்கிப் பாய்வதைவிடப் பக்கவாட்டிலேயே அதிகம் பரவுகிறது என்பதும் பின்னர் தெளிவாயிற்று. ஆகவே நரம்பை ஊசியால் குத்துவதைக் காட்டிலும், நரம்பின் போக்கிலேயே ஊசியைக் கிடத்துவதுதான் சரியான முறை என்று ஆனது. சில மில்லிமீட்டர் விலகினாலும் சிகிச்சை பலனற்றுப் போகும் என்பதால், மருத்துவரின் கைத்தேர்ச்சி இதில் பெரிதும் முக்கியம்.

இதற்கு முன்பே இன்னொரு சிக்கல் வருகிறது. வலி அந்த மூட்டிலிருந்துதான் வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஸ்கேன் படத்தில் தெரியாதா என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் இருப்பதைக் காட்டியது. ஃபேசட் மூட்டுத் தேய்மானமும் அப்படியே வயதோடு ஏறிக்கொண்டு போகிறது. வலி சிறிதும் இல்லாதவரின் படத்திலும் தேய்மானம் இருக்கிறது என்றால், வலி உள்ளவரின் படத்தில் தெரியும் தேய்மானம்தான் அவருடைய வலிக்குக் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்? நான் என் எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் எழுதியிருந்த ஒவ்வொரு சொல்லையும் தீர்ப்பாக எண்ணிக் கலங்கிய நாள்கள் உண்டு. அதைப் பார்த்த வலி மருத்துவர் சொன்ன பதில் எளிமையானது: "இந்தப் படம் உங்கள் முதுகு எப்படி இருக்கிறது என்று சொல்லும். எங்கே வலிக்கிறது என்று அந்த நரம்பைத்தான் கேட்க வேண்டும்."

நரம்பைக் கேட்கும் முறைதான் சோதனை ஊசி. என் கருத்தில், இந்த முழுச் சிகிச்சையிலும் நோயாளி மிகுந்த அக்கறை காட்ட வேண்டிய கட்டம் இதுவே. எக்ஸ்ரே வழிகாட்டுதலுடன் மெல்லிய ஊசியைச் சந்தேகத்துக்குரிய நரம்பின் அருகே கொண்டுபோய், மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஏறத்தாழ அரை மில்லிலிட்டர் மட்டும் செலுத்துகிறார்கள். அளவு இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மருந்து அதிகமானால் அது பக்கத்துத் திசுக்களுக்கும் பரவி, எந்த இடம் மரத்ததால் வலி அடங்கியது என்பதே குழம்பிவிடும். லிடோகெய்ன் என்றால் ஓரிரு மணி நேரம், புபிவகெய்ன் என்றால் அதைவிடக் கூடுதலான நேரம் அந்த நரம்பு பேசாமல் இருக்கும். வலி அந்த மூட்டிலிருந்து வருவதாக இருந்தால், அந்த நேரத்துக்குள் அது தெளிவாகக் குறைய வேண்டும். மருந்தின் வேகம் அடங்கியதும் திரும்ப வர வேண்டும்.

அந்தச் சில மணி நேரத்தில் நோயாளிக்கும் வேலை இருக்கிறது. ஒரு தாளைக் கொடுத்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் வலியின் அளவைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரையிலான எண்ணாகக் குறிக்கச் சொல்வார்கள். வலி நிவாரணி மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்லியிருந்தால் கட்டாயம் தவிர்க்க வேண்டும். மாத்திரையின் வேலையும் ஊசியின் வேலையும் கலந்துவிட்டால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. ஓய்வாகப் படுத்துக்கொண்டு எண்ணைக் குறிப்பதிலும் பொருளில்லை. வழக்கமாக எந்த அசைவு வலியைக் கிளப்புமோ அதை வேண்டுமென்றே செய்து பார்க்க வேண்டும். எனக்கு நாற்காலியிலிருந்து எழுந்து நிமிரும் கணமும், உயரத்தில் இருக்கும் பொருளை எடுக்க முதுகைப் பின்னால் வளைப்பதும்தான் தாங்க முடியாதவை. அன்றைக்கு நான் மீண்டும் மீண்டும் உட்கார்ந்து எழுந்தேன். அலமாரியின் மேல்தட்டை எட்டித் தொட்டேன். ஒவ்வொரு முறையும் பேனாவை எடுத்து எண்ணை எழுதினேன். ஏழு என்று தொடங்கிய வரிசை இரண்டுக்கு இறங்கி, மாலையில் ஐந்து, ஆறு என்று திரும்ப ஏறியது. வலி திரும்பியதைக் கண்டு ஒருவர் ஏமாற்றமடையலாம். ஆனால் நோயறிதலின் பார்வையில், மருந்து தீரும் நேரத்தில் வலி திரும்புவதுதான் நல்ல செய்தி.

இங்கே நோயாளியின் நேர்மை மிகவும் தேவைப்படுகிறது. மாதக்கணக்கில் வலியைத் தாங்கியவருக்கு, அடுத்த கட்டச் சிகிச்சை கிடைக்க வேண்டுமே என்ற ஆவலில், குறையாத வலியையும் குறைந்ததாகச் சொல்லத் தோன்றும். ஊசி போட்ட மருத்துவரின் முகத்தைப் பார்த்தும் அப்படிச் சொல்லத் தோன்றும். அப்படிச் சொன்னால், வலிக்குக் காரணமில்லாத நரம்பைச் சுட்டுக்கொண்டு வீடு திரும்புவதுதான் மிச்சம். வேறு காரணங்களாலும் ஒரே ஒரு சோதனை ஊசியில் வலி குறைந்ததாகத் தோன்றுவது அரிதல்ல. அதனால்தான் பல மருத்துவர்கள் வேறொரு நாளில் இரண்டாவது முறையும் சோதித்துப் பார்க்கிறார்கள். குறைந்தது பாதியளவாவது வலி குறைய வேண்டும் என்பது பலர் வைக்கும் எல்லை. எண்பது விழுக்காடு குறைந்தால்தான் மேற்கொண்டு செய்வோம் என்று கண்டிப்பாக இருப்பவர்களும் உண்டு. கண்டிப்பானவரிடம் போவதே நல்லது என்பது என் எண்ணம். சோதனையில் வலி குறையவில்லை என்றால் மனம் உடைய வேண்டியதில்லை. தேவையற்ற ஒரு சிகிச்சையிலிருந்து தப்பித்ததோடு, வலியின் மூலத்தை வேறிடத்தில் தேட வேண்டும் என்ற தெளிவும் கிடைத்திருக்கிறது.

சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. இதய மருத்துவரும் வலி மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலில் இருந்தால் ரேடியோ அலை மின்னோட்டம் அதைப் பாதிக்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். காய்ச்சலோ தோலில் புண்ணோ இருந்தால் தேதியைத் தள்ளிவைப்பார்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் எக்ஸ்ரேயின் காரணமாக அதைச் சொல்ல வேண்டும். ஊசியோடு ஸ்டீராய்டும் சேர்ப்பதாக இருந்தால், நீரிழிவுள்ளவர்களுக்குச் சில நாள்கள் சர்க்கரை ஏறும். அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது என்பதால் துணைக்கு ஒருவர் வர வேண்டும்.

சிகிச்சை நாளன்று குப்புறப் படுக்க வைத்து, இடுப்பின் வளைவு நேராகும்படி வயிற்றுக்கடியில் தலையணை வைத்தார்கள். கிருமிநாசினியின் குளிர்ச்சி முதுகில் பரவியது. தொடையில் ஒரு பட்டையை ஒட்டினார்கள், மின்னோட்டம் உடலை விட்டு வெளியேறுவதற்கான வழி அது. தோலை மரக்கச் செய்யும் முதல் ஊசியின் எரிச்சல் சில நொடிகளே நீடித்தது. அதற்குப் பின் அழுத்தமும், எலும்பை ஏதோ தொடுகிற மந்தமான உணர்வும்தான். எக்ஸ்ரே கருவி தலைக்கு மேல் திரும்பித் திரும்பி வெவ்வேறு கோணங்களில் படமெடுக்க, ஊசி சிறிது சிறிதாக இடம் மாறியது. முழு மயக்கம் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாததற்குக் காரணம், அடுத்த கட்டத்தில் நோயாளி பேச வேண்டும்.

ஊசி இடத்தில் அமர்ந்ததும் முதலில் மெல்லிய மின்னோட்டத்தை நொடிக்கு 50 துடிப்புகள் என்ற வேகத்தில் அனுப்புகிறார்கள். வழக்கமாக வலிக்கும் அதே இடத்தில் ஒரு குறுகுறுப்போ அழுத்தமோ தோன்றினால், ஊசி நரம்புக்கு அருகில் இருக்கிறது என்று பொருள். பிறகு வேகத்தை நொடிக்கு இரண்டு துடிப்புகளாகக் குறைக்கிறார்கள். அப்போது நடந்ததை நான் மறக்கப்போவதில்லை: முதுகெலும்பை ஒட்டிய தசை, என் விருப்பத்துக்குச் சிறிதும் கட்டுப்படாமல், சீரான தாளத்தில் தானாகத் துடித்தது. "காலில் ஏதாவது துடிக்கிறதா? தொடையில், கெண்டைக்காலில்?" என்று மருத்துவர் கேட்டார். "இல்லை, முதுகில் மட்டும்தான்" என்றேன். "நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்" என்று மறுபடியும் கேட்டார். கால் துடித்தால் ஊசி காலுக்குப் போகும் நரம்பை நெருங்கியிருக்கிறது என்று பொருள். உடனே அதை நகர்த்திவிடுவார்கள். இந்தக் கேள்விக்கான பதில்தான் காலைக் காக்கிறது என்பதால், இவ்விடத்தில் அவசரப்பட்டுத் தலையாட்டிவிடக் கூடாது. அதன்பின் ஊசி வழியாகவே மரக்கும் மருந்தைச் செலுத்திவிட்டு, முனையை 80 டிகிரி செல்சியஸ் அளவுக்கு 60 முதல் 90 நொடிகள் வரை சூடாக்குகிறார்கள். எனக்கு ஆழத்தில் ஒரு கதகதப்பும் இறுக்கமும் தெரிந்தன. ஒவ்வொரு நரம்புக்கும் இதே வரிசை திரும்ப நடந்தது. முடிவில் முதுகில் சிறு பிளாஸ்திரிகள் மட்டுமே இருந்தன.

இதற்குப் பிறகு வரும் வாரங்களைப் பற்றித்தான் எல்லாரும் குறைவாகச் சொல்கிறார்கள். மரக்கும் மருந்து தீர்ந்ததும் முதுகு முன்பைவிடக் கூடுதலாக வலிக்கலாம். சுட்ட இடத்தில் திசு வீங்கியிருக்கிறது, தசையில் ஊசி சென்ற வழி நோகிறது. இது ஒரு வாரம், இரண்டு வாரம் நீடிப்பது இயல்பு. சிலருக்கு இடுப்புத் தோலில் வெயிலில் காய்ந்ததைப் போன்ற எரிச்சல் வரும், சட்டை உரசினாலே கூசும், அல்லது ஒரு பகுதி மரத்தாற்போல இருக்கும். பெரும்பாலும் சில வாரங்களில் இவை தணிந்துவிடும். பலன் தெரியத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம், சிலருக்கு அதற்கு மேலும். இந்த இடைக்காலத்தில், எல்லாம் வீணாகிவிட்டது, நிலைமை மோசமாகிவிட்டது என்று நோயாளியும் வீட்டாரும் மனம் தளர்வதுண்டு. முன்கூட்டியே இதைச் சொல்லிவைத்திருந்தால் அந்தத் தளர்வில் பாதியையாவது தவிர்க்கலாம். அதேவேளை, காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் சிவந்து சீழ் வடிதல், முதல் நாளுக்குப் பின்னும் காலில் பலவீனம், சிறுநீரையோ மலத்தையோ கட்டுப்படுத்த முடியாமை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல் ஆகிய எதுவும் இயல்பானதல்ல. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வலி குறைந்தபோது அது ஒரே நாளில் குறைந்துவிடவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தபின்தான், கைப்பிடியை ஊன்றாமல் எழுந்தேன் என்பதைக் கவனித்தேன். முழுவதும் போய்விடவும் இல்லை. காலையில் ஒரு விறைப்பு இருக்கிறது, நெடுநேரம் நின்றால் வலி தலைகாட்டுகிறது. நன்கு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை, சிலருக்கு அதைவிடக் கூடுதலாகவும் பலன் நீடிக்கிறது. சுடப்பட்ட நரம்பு மெல்ல மீண்டும் வளரும் என்பதால், நிரந்தரத் தீர்வு என்று யாராவது சொன்னால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். மூட்டின் தேய்மானம் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கிறது. கிடைத்திருப்பது வலி குறைவான ஒரு காலம்; முன்பு வலியால் செய்ய முடியாத பயிற்சிகளை இப்போது செய்ய முடியும் என்பதுதான் அதன் முதல் பயன். அதே நரம்பு முதுகின் ஆழத்தில் உள்ள மல்டிஃபிடஸ் தசைக்கும் செல்வதால், அத்தசையின் வேலை தற்காலிகமாகக் குறையும் என்பதையும் நினைவில் வைத்து, பிசியோதெரபி மருத்துவரின் மேற்பார்வையில் முதுகுத் தசைகளை வலுப்படுத்துவது நல்லது.

மருத்துவ உலகில் இச்சிகிச்சையைப் பற்றி ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் வாசகர் அறிந்திருக்க வேண்டும். எந்தச் சிகிச்சையை யாருக்குத் தரலாம் என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மற்றச் சிகிச்சைகள் பலனளிக்காமல், வலி கடுமையாக இருந்து, சோதனை ஊசியிலும் வலி குறைந்தவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. ஆனால் நெதர்லாந்தில் நடந்து 2017-இல் வெளியான மின்ட் ஆய்வுகள், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களோடு ஒப்பிடும்போது, பயிற்சியோடு இச்சிகிச்சையும் பெற்றவர்களுக்குக் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் இல்லை என்று முடிவு கூறின. அவற்றில் நோயாளிகளை ஒரே ஒரு சோதனை ஊசியை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற விமரிசனம் எழுந்தது. 2025-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான வழிகாட்டுதல் இன்னும் கடுமையானது; நாள்பட்ட முதுகெலும்பு வலிக்கு இதையும் இதுபோன்ற பல ஊசிச் சிகிச்சைகளையும் வேண்டாம் என்றே உறுதியாகப் பரிந்துரைக்கிறது. வலி மருத்துவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. எனக்குப் பலன் கிடைத்தது என்பதற்காக அந்த ஆய்வுகளை ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. ஒருவரின் அனுபவம் சான்றாகிவிடாது, வலி தானாகவே ஏறி இறங்கும் தன்மையும் உடையது. பயிற்சியை முறையாகச் செய்து பார்த்தபின், கண்டிப்பான சோதனைக்குப் பின், குறைந்த எதிர்பார்ப்போடு ஒருவர் இதைத் தேர்ந்தெடுத்தால் அது நியாயமான முடிவு என்றே கருதுகிறேன். முதல் சந்திப்பிலேயே, சோதனை ஊசி எதுவும் இல்லாமல், நேரடியாகச் சுடுவதற்குத் தேதி குறிக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிட வேண்டும்.

வலி திரும்பினால் இதையே மறுபடியும் செய்யலாமா என்று மருத்துவரிடம் கேட்டிருந்தேன். செய்யலாம், முதல் முறை நன்றாகப் பலனளித்தவர்களுக்கு அடுத்த முறையும் பெரும்பாலும் பலனளிக்கிறது என்றார். ஆனால் திரும்பி வருவது அதே இடத்தில், அதே அசைவில் எழும் அதே வலிதானா என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்றும், இடமோ தன்மையோ மாறியிருந்தால் பழைய முடிவுகளை வைத்து ஊசியை எடுக்காமல் சோதனையிலிருந்தே தொடங்க வேண்டும் என்றும் சொன்னார். அந்த ஒப்பீட்டுக்காக, சோதனை ஊசி நாளில் எண்களை எழுதிய தாளையும், எந்த நரம்புகள் சுடப்பட்டன என்ற விவரம் அடங்கிய அறிக்கையையும் ஒரே உறையில் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார்.